“இனி உட்காரும்மா!”

திருத்தணி முருகனைத் தரிசிக்கப் படியேறிப் போகிற பாட்டிமார்களைக் கவனித்திருக்கிறீர்களா? மொத்தம் 365 படிகள்; வருஷத்தின் நாளுக்கு ஒன்று என்று கணக்கு. மலைமேல் வரையில் சாலை போட்டாயிற்று, காரும் பஸ்ஸும் போகின்றன. ஆனாலும் பாட்டி படி வழியேதான் வருவேன் என்பாள். “உனக்கு எதற்கம்மா இந்த வயசிலே?” என்று பிள்ளை முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வருவான்.

அதே திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் 1962-ல் ராஷ்டிரபதி ஆனபோது அவருக்கு வயது 73. பெரிய உத்தியோகத்தில் இருக்கும் ஆண்பிள்ளைகளிடம் வயதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? “இனி உட்காரும்மா” என்ற உபதேசமெல்லாம் நமக்குத்தானே!

தெய்வத்தை நினைத்து மலையேறும் கிழவிகள் ஒரு மதத்தாருக்கு மட்டும் சொந்தமில்லை. நம் சேலம் ஜில்லாப் பக்கத்து மலைகளில் வெள்ளைக்காரக் கிறிஸ்தவ மூதாட்டி ஒருவர் இருந்தார். எவலின் பிராண்ட் என்று பெயர். 1879-ல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்; சித்திரம் எழுதப் பயின்றவர். மிஷன் ஊழியத்துக்காக இங்கே வந்து, 1913-ல் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரை மணந்து, கொல்லிமலையில் குடித்தனம் வைத்தார். முதலில் மலை ஜனங்கள் இவர்களை அண்டவே இல்லை. கொள்ளைக் காய்ச்சலில் சாகக் கிடந்த பூசாரி ஒருவரைத் தம்பதிகள் இருவரும் பராமரித்தார்கள். அவர் தம் பெண் குழந்தையை இவர்கள் கையிலேயே ஒப்படைத்துவிட்டுக் கண்ணை மூடினார். அதற்குப் பிறகுதான் கதவுகள் திறந்தன.

1929-ல் ஜெஸ்ஸி மலைக் காய்ச்சலில் இறந்துபோனார். குழந்தைகள் இருவரும் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். விதவையான எவலினை மிஷன் சமவெளியில் வேலை பார்க்கச் சொல்லிவிட்டது. மலைக்கு அனுப்புங்கள் என்று அவர் கேட்காத வருஷமில்லை; அவர்கள் இசையவும் இல்லை. எழுபதை நெருங்கும்போது, “போதும், ஓய்வெடுங்கள்” என்றார்கள்.

அம்மாள் மறுப்புச் சொல்லாமல் ரிடயர் ஆனார். இனி யாரிடம் அநுமதி கேட்க வேண்டும்? நேரே கல்வராயன் மலைக்குப் போய்ச் சின்னக் குடில் ஒன்று போட்டுக்கொண்டார்! எனக்கு இந்தச் சரித்திரத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பென்ஷனை நாம் முடிவென்று எண்ணுகிறோம். அவருக்கோ அது விடுதலைச் சீட்டாயிற்று.

மட்டக் குதிரை மேல் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவார். ஏசுநாதருக்காகவே வந்திருக்கிறேன் என்பதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை. மருந்தோடு வேதமும் சொன்னார். இந்த இரண்டையும் அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

நரம்புச் சிலந்தி என்ற வியாதியைப் பாட்டிகள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். படிக் கிணற்றில் கால் நனைய இறங்குகிறவரின் புண்ணிலிருந்து கிருமி தண்ணீரில் சேரும். அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர் காலில் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து நூல் போலப் புழு வெளிவரும். குச்சியில் சுற்றிச் சுற்றி, நாள் கணக்கில் இழுத்து எடுக்க வேண்டும். கிணற்றுக்குச் சுவர் எழுப்புவதும், தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதுமே இதற்குத் தடுப்பு. அடுப்பங்கரையில் நாம் தினமும் செய்கிற காரியந்தான். அதைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் மலையேற வேண்டியிருந்தது.

ஒரு தடவை விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். மகன் பால் பிராண்ட், வேலூர் ஆஸ்பத்திரியில் குஷ்டரோகிகளின் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் நிமிர்த்திப் புகழ் பெற்ற டாக்டர். “கீழே வந்து எங்களோடு இருந்துவிடுங்கள், அம்மா” என்று மன்றாடினார். பயன்படுத்தாமல் இந்த உடம்பைப் பத்திரமாக வைத்து என்ன பண்ணுவது என்று கேட்டுவிட்டு, இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றிக்கொண்டு அம்மாள் மறுபடி மலையேறினார். பிள்ளையின் பிரியம் பொய்யில்லை. ஆனால் பிரியமே சில சமயம் காலுக்கு விலங்காகி விடுகிறதே!

கடைசி இருபது வருஷம் தம் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லையாம். (கண்ணாடி இல்லாத வீட்டில் நம்மால் ஒரு காலைப் பொழுதைக் கழிக்க முடியுமா, சொல்லுங்கள்!) 1974 டிசம்பரில், 95-வது வயதில் காலமானார். கொல்லிமலையில், 45 வருஷங்களுக்கு முன் ஜெஸ்ஸியைப் புதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள்.