மாட்யுலர் சிந்தசைசர்: பெட்டி பெரிதா, பாட்டு பெரிதா?

மின்னணு இசையில் ஆர்வம் உள்ள மாணவர்கள் மாட்யுலர் சிந்தசைசரைப் பற்றி நிச்சயம் கேள்விப்பட்டிருப்பார்கள். யூடியூபில் தேடினால் ஆயிரக்கணக்கான வீடியோக்கள் கிடைக்கும். பெட்டி நிறையக் குமிழ்கள், மின்னும் விளக்குகள், குறுக்கும் நெடுக்குமாகக் கலர் கலராக வயர்கள்... பார்த்தவுடன் ஆசை வருவது இயல்பு. ஆனால் எந்த மாட்யூலை வாங்குவது, எதை விடுவது என்ற கேள்விக்கு அங்கே கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் பெர்லினிலும் லண்டனிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருப்பவர்களின் பதில்கள். சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு, டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் பெட்டி கட்ட நினைக்கும் ஒரு மாணவருக்கு அந்தப் பதில்கள் அப்படியே பொருந்துமா?

பொருந்தாது. முதலில் எந்த ஓசை வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். அந்த ஓசைக்கு எது தேவையோ அதை மட்டும் வாங்க வேண்டும். வாங்கியதில் பாட்டைப் பதிவு செய்து முடித்த பிறகுதான் அடுத்த மாட்யூலைப் பற்றி யோசிக்க வேண்டும். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும் இந்த விதியைக் கடைப்பிடிப்பவர்கள் மிகக் குறைவு!

மாட்யுலர் என்றால் என்ன?

சாதாரணக் கீபோர்டில் ஓசையை உண்டாக்கும் பகுதி, அதைச் செதுக்கும் பகுதி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் பகுதி எல்லாம் உள்ளேயே இணைக்கப்பட்டிருக்கும். மாட்யுலரில் ஒவ்வொன்றும் தனித்தனி. ஆசிலேட்டர் ஓசையைப் பிறப்பிக்கும். ஃபில்டர் அதில் வேண்டாத பகுதியை வடிகட்டும். வி.சி.ஏ. சத்தத்தைக் கட்டுப்படுத்தும். என்வலப், ஓசை எவ்வளவு வேகமாக எழுந்து எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும் என்பதைச் சொல்லும். எதை எதோடு இணைப்பது என்பதை வயர் போட்டு வாசிப்பவரே முடிவு செய்கிறார்.

1960களின் நடுவில் அமெரிக்காவில் ராபர்ட் மூக், டான் புக்லா என்ற இருவர் தனித்தனியே இந்த முறையை உருவாக்கினார்கள். இன்று பரவலாக இருக்கும் யூரோராக் என்ற அளவுமுறை, ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் டோப்ஃபர் 1990களின் நடுவில் கொண்டுவந்த ஏ-100 தொடரிலிருந்து வந்தது. ஒரே அளவுமுறை என்பதால் ஒரு கம்பெனியின் மாட்யூலை இன்னொரு கம்பெனியின் மாட்யூலோடு ஒரே பெட்டியில் வைக்கலாம். வசதிதான். ஆனால் ஆயிரக்கணக்கான மாட்யூல்களில் எதை எடுப்பது என்ற குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

அகமதாபாத்தில் நடந்தது

இந்தியாவுக்கு மாட்யுலர் சிந்தசைசர் நேற்று வந்ததல்ல. 1969இலேயே அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்புக் கல்வி நிறுவனத்துக்கு ஒரு மூக் மாட்யுலர் வந்துவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் நேரில் வந்து அதை நிறுவினார். 1946இல் நியூயார்க் சென்று ஜான் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக்கொடுத்த கீதா சாராபாய், பின்னாளில் இந்தக் கூடத்தில் இசையமைத்தவர்களில் ஒருவர். ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அதே இயந்திரத்தில் வேலை செய்தார்கள்.

இவர்கள் யாரும் ஆளுக்கொரு பெட்டி வைத்திருக்கவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இருந்தது ஒரே இயந்திரம். அடுத்த மாடல் எப்போது வரும் என்று காத்திருக்கவும் வழியில்லை. இருந்ததை வைத்தே ஒருவர் நடன இசை செய்தார், ஒருவர் விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்தார், ஒருவர் தம்பூராவை நினைத்து ஒரு படைப்பைச் செய்தார். ஒரே இயந்திரத்திலிருந்து ஆளுக்கொரு வகை ஓசை வந்ததற்குக் காரணம் அவரவர் காது.

1972வாக்கில் அந்தக் கூடத்தின் இயக்கம் நின்றுபோனது. அதன்பின் ஏறத்தாழ 45 ஆண்டுகள் அதைப் பற்றிப் பேச ஆளில்லை. 2017இல் லண்டனைச் சேர்ந்த கலைஞர் பால் பர்கஸ் அந்நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் பழைய ஒலிநாடாக்களைக் கண்டெடுத்தார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த இசை 2023இல் தொகுப்பாக வெளிவந்தது. இன்று உலகம் பாராட்டுவது அந்த ஒலிநாடாக்களில் இருந்த இசையைத்தான். யாராவது ஒருவர் 'இன்னும் நாலு மாட்யூல் வரட்டும், பிறகு பதிவு செய்யலாம்' என்று தள்ளிப்போட்டிருந்தால் அவர் பெயர் இன்று தெரிந்திருக்காது அல்லவா?

வில்லுப்பாட்டுக் குழுவைக் கவனியுங்கள்

அகமதாபாத் தூரம் என்று நினைப்பவர்கள் நெல்லைச் சீமையின் கோயில் கொடைகளையே பார்க்கலாம். அம்மன் கொடையிலும் சுடலைமாடன் கொடையிலும் வில்லுப்பாட்டு நடக்கும்போது மேடையில் என்னென்ன இருக்கும்? மணி கட்டிய வில், குடம், உடுக்கை, ஜால்ரா, கட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது. உடுக்கைச் சத்தம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஐந்து உடுக்கையை வைத்துவிட்டுக் குடத்தை விட்டுவிடுகிற குழுவை யாராவது பார்த்ததுண்டா?

மாட்யுலர் பெட்டி கட்டுகிறவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். பளபளப்பான ஆசிலேட்டர் மூன்று வாங்குவார்கள், வி.சி.ஏ. ஒன்றுகூட இருக்காது. பிறகு ஏன் எல்லாம் ஒரேயடியாக இரைகிறது என்று கவலைப்படுவார்கள்!

அதே வில்லுப்பாட்டு மேளத்தை மாட்யுலரில் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு எவ்வளவு எளிதாகிறது பாருங்கள்.

உடுக்கையின் அழகு, கயிற்றை அழுத்தும்போது சுருதி வளைவதில் இருக்கிறது. அதற்கு ஒரு ஆசிலேட்டர், ஒரு என்வலப், ஒரு வி.சி.ஏ. வேண்டும். என்வலப் வி.சி.ஏ.வைத் திறந்து மூடும். அதே என்வலப்பை ஆசிலேட்டரின் சுருதிக்கும் கொடுத்தால் ஓசை வளையும். ஆனால் நேராகக் கொடுத்தால் பல ஸ்தாயி தாவிவிடும். ஆகவே அதைக் குறைத்துக் கொடுக்க அட்டெனுவேட்டர் என்ற ஒரு சிறு மாட்யூல் தேவை. அதில் ஒரு குமிழைத் தவிர வேறொன்றும் இருக்காது. யாரும் அதைப் போட்டோ எடுத்துப் போட மாட்டார்கள். ஆனால் அது இல்லாமல் உடுக்கை இல்லை.

குடத்துக்கு ஆசிலேட்டரே வேண்டாம். ஃபில்டரின் ரெசனன்ஸைத் தானே ஊளையிடத் தொடங்கும் நிலைக்குச் சற்றுக் கீழே வைத்து, ஒரு சின்ன மின்துடிப்பைக் கொடுத்தால் 'தும்' என்று ஒலிக்கும். ஜால்ராவுக்கு இரைச்சல் தரும் நாய்ஸ் மாட்யூல், தாழ்ந்த ஓசைகளை நீக்கும் ஹைபாஸ் ஃபில்டர், இன்னொரு என்வலப், இன்னொரு வி.சி.ஏ. போதும். தாளத்துக்கு ஒரு டிரிகர் சீக்வென்சர், எல்லாவற்றையும் கலக்க ஒரு மிக்சர். இரட்டை என்வலப், இரட்டை வி.சி.ஏ. என வாங்கினால் மொத்தம் ஒன்பது மாட்யூல்தான்! அசல் வில்லுப்பாட்டு வந்துவிடாது. ஆனால் ஒரு தொடக்கம் கிடைக்கும். ஒன்பதில் ஒன்றுகூட வீணாக இருக்காது.

கமகத்தை மறக்க வேண்டாம்

மேளத்துக்கு அடுத்தது ராகம். மேல்நாட்டுப் பட்டியல்கள் நம்மவர்களுக்கு அதிகம் பொருந்தாத இடம் இதுதான். பெரும்பாலான யூரோராக் ஆசிலேட்டர்களில் ஒரு வோல்ட் கூடினால் ஓசை ஒரு ஸ்தாயி ஏறும். அந்த ஒரு வோல்ட்டைப் பன்னிரண்டு சமபாகமாகப் பிரித்து, வருகிற மின்னழுத்தத்தைப் பக்கத்துப் படிக்குத் தள்ளுவதுதான் வழக்கமான குவாண்டைசர் செய்யும் வேலை. சுருதி பிசகாமல் இருக்க இது அவசியம் என்று பல வழிகாட்டிகளில் எழுதியிருக்கும்.

ஆனால் தோடியையோ பைரவியையோ நாதஸ்வரத்தில் கேட்டு வளர்ந்த காதுக்குப் படிகளுக்கு நடுவில் இருப்பதுதானே இசை? அப்படிப்பட்டவர் குவாண்டைசருக்கு முன் ஸ்லூ லிமிட்டரை வாங்குவதே நல்லது. அது ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவாமல் வழுக்கிச் செல்ல வைக்கும். அசைவுக்கு மெதுவாக அலையும் எல்.எஃப்.ஓ. ஒன்றும், விரலால் தேய்த்து வாசிக்கும் ரிப்பன் போன்ற கருவி ஒன்றும் இருந்தால் இன்னும் நல்லது. நாதஸ்வரத்தின் சாயல் வேண்டுமானால் எல்லா மேற்சுரங்களும் அடங்கிய ரம்பப்பல் அலையில் தொடங்கலாம். ஒற்றைப்படை மேற்சுரங்கள் மட்டுமே உள்ள சதுர அலை அவ்வளவு பொருந்தாது. இப்படிக் காதிலிருந்து தொடங்கினால் கடைக்காரரின் பட்டியல் தானே சுருங்கிவிடும்.

தறிக்காரர் கணக்கு

சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். கையில் இருந்த காசையெல்லாம் தறியில் போட்டுவிட்டு நூல் வாங்கப் பணமில்லாமல் நிற்பவருக்கு என்ன ஆகும் என்று இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். வணிகவியல் பாடத்தில் இதற்கு நிலைமுதல், நடைமுறை முதல் என்று பெயர். மாட்யுலரில் ஆசிலேட்டரும் ஃபில்டரும் தறி என்றால் அட்டெனுவேட்டர், மிக்சர், வி.சி.ஏ., வயர்கள் எல்லாம் நூல். முதல் பட்ஜெட்டிலேயே நூலுக்கு இடம் ஒதுக்க வேண்டும்.

பவர் சப்ளையும் அப்படித்தான். ஒவ்வொரு மாட்யூலும் +12 வோல்ட்டிலும் -12 வோல்ட்டிலும் எத்தனை மில்லி ஆம்பியர் எடுக்கும் என்று தயாரிப்பாளரே குறித்திருப்பார். அதை இரண்டு பத்தியாக எழுதிக் கூட்ட வேண்டும். பத்து மாட்யூல் சராசரியாக 80 மில்லி ஆம்பியர் எடுத்தால் 800. அதற்கு மேல் கால் பங்கு கையிருப்பு வைத்து 1000 மில்லி ஆம்பியர் தரும் சப்ளையை வாங்குவது பாதுகாப்பு. மைக்செட் போடுகிறவர் ஜெனரேட்டருக்குப் போடும் கணக்குதான் இது. ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு -12 வோல்ட் பக்கம் வர வேண்டும். திருப்பிச் செருகினால் மாட்யூல் புகைந்துபோக வாய்ப்பு உண்டு. பிறகு பழுது பார்க்க யாரைத் தேடுவது?

விலையையும் சொல்ல வேண்டும். ஒரு புதிய மாட்யூலுக்கு 100 முதல் 300 யூரோ என்பது சாதாரணம். 2025இல் ஒரு யூரோ நூறு ரூபாயை ஒட்டியது. அதாவது பத்தாயிரத்திலிருந்து முப்பதாயிரம் ரூபாய். கூரியர், சுங்க வரி எல்லாம் தனி. ஐரோப்பாவில் இருப்பவர் பிடிக்காத மாட்யூலை அடுத்த வாரமே விற்றுவிட்டு வேறொன்று வாங்குவார். சங்கரன்கோவிலில் யாரிடம் விற்பது? திருநெல்வேலிக்குப் போனாலும் ஆள் கிடைப்பது கஷ்டம். ஆகவே இங்கே ஒரு தவறான தேர்வின் விலை அங்கே உள்ளதைவிடப் பல மடங்கு. மாதச் சம்பளம் இல்லாத மாணவருக்கு அது ஒரு செமஸ்டர் கட்டணமாகக்கூட இருக்கலாம். வீட்டில் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே!

இலவசமாகப் பழகலாம்

இதற்கெல்லாம் ஒரு வழி இருக்கிறது. 2017இல் வெளிவந்த வி.சி.வி. ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பைக் கணினியில் இறக்கிக்கொண்டால் மாட்யுலரின் அடிப்படை முழுவதையும் பழகலாம். ஆனால் அதிலும் நூறு மாட்யூல்களைத் திறந்து வைத்துக்கொண்டால் பயனில்லை. ஒன்பது அல்லது பத்துக்கு மேல் இல்லை என்று வரம்பு வைத்து, இரண்டு மாதம் அதிலேயே பாட்டு செய்து பார்க்க வேண்டும். எந்த மாட்யூலை ஒவ்வொரு பாட்டிலும் தேடுகிறோமோ அதுதான் முதலில் வாங்க வேண்டியது. இரண்டு மாதத்தில் ஒருமுறைகூடத் தொடாததைக் காசு கொடுத்து வாங்குவானேன்?

'மென்பொருளே போதுமென்றால் மாட்யூல் எதற்கு?' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிலருக்கு உண்மையிலேயே மென்பொருள் போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. விரலால் குமிழைத் திருகும்போது வருகிற கைப்பழக்கம் வேண்டும், கணினித் திரையை விட்டு விலகி உட்கார வேண்டும் என்பவர்களுக்குத்தான் மாட்யூல். அவர்களும் தொடக்கத்தில் செமி மாட்யுலர் கருவி ஒன்றை வாங்குவது மேல். உள்ளே இணைப்புகள் தயாராக இருக்கும். வேண்டியபோது வயர் போட்டு மாற்றிக்கொள்ளலாம். பின்னால் பெட்டி கட்டினாலும் அது வீணாகாது.

'தேடித் தேடி வாங்குவதே ஒரு சந்தோஷம், அதில் என்ன தவறு?' என்பது இன்னொரு வாதம். தவறில்லை. தபால்தலை சேர்ப்பதுபோல அதுவும் ஒரு பொழுதுபோக்கு. ஆனால் இசை செய்வதற்காகத் தொடங்கியவர், மூன்று வருடம் கழித்து அழகான ஒரு பெட்டியும் முடிக்காத நாற்பது துண்டுகளும் வைத்திருந்தால் அவர் எதை இழந்தார் என்று கணக்குப் பார்க்க வேண்டும். பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். கல்லூரிக் காலத்தில் கிடைக்கும் மாலை நேரங்கள் திரும்ப வருமா?

எனவே பெட்டி கட்ட நினைக்கும் நண்பர்கள் மாட்யூல் பட்டியலுக்கு முன் ஓசைப் பட்டியல் ஒன்றை எழுதட்டும். ஆடித்தபசுக் கூட்டத்தின் இரைச்சல், தறிச் சத்தம், கொடையில் கேட்ட உடுக்கை என்று எதுவாகவும் இருக்கலாம். அதிலிருந்து ஒரே ஒரு ஓசையை எடுத்து, அதற்கு வேண்டியதை மட்டும் வாங்கி, ஒரு மூன்று நிமிடப் பாட்டைப் பதிவு செய்து நாலு பேருக்குப் போட்டுக் காட்டட்டும். இரண்டாவது மாட்யூல் பட்டியலை அதற்குப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.