சுயம்பு: அவனா, அவளா?

தோழரே!

சென்ற திங்கள், ஒரு சிற்றூர்ப் படிப்பகத்தில், சு. சமுத்திரம் எழுதிய 'வாடாமல்லி' நாவலைப் பற்றிய உரையாடலுக்குச் சென்றிருந்தேன். பேசியவர் நாவன்மை மிக்கவர். நூலை முற்றும் படித்தவர். கொடுமை கண்டு குமுறத் தெரிந்தவர். ஆயினும் அவர் உரையில் ஒரு சிறு முள் இருந்தது. "சுயம்பு சென்றான், சுயம்பு துடித்தான், சுயம்பு அழுதான்" என்று பாதிக் கதை வரை பேசினார். பிற்பகுதிக்கு வந்ததும், "மேகலை வந்தாள், மேகலை நின்றாள்" என்றார். ஒரே உயிர், ஒரே உள்ளம், பேச்சாளர் நாவில் மட்டும் நடுவழியில் பால் மாறிற்று!

மாணவி ஒருவர் எழுந்து, "முதலிலிருந்தே தன்னைப் பெண்ணாக உணர்ந்த ஒருத்தியைத் தாங்கள் 'அவன்' என்பது முறையா?" என்று கேட்டார். "அப்போது ஊருக்கும் உறவுக்கும் அவன் ஆண்தானே, அம்மா!" என்றார் பேச்சாளர். கூட்டம் சிரித்தது. தூணோரம் அமர்ந்திருந்த ஓர் இளைஞர் மட்டும் சிரிக்கவில்லை.

இந்த வினாவை நான் சிறிதென்று தள்ள மாட்டேன். பிற மொழிக்காரர் சிலர், பெயரைச் சொல்லிவிட்டு நழுவ முடியும். நமக்கு அந்த வாய்ப்பு அரிது. தமிழில் ஒருவர் வந்ததைச் சொன்னாலே, வந்தது ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். வினைமுற்றின் வாலிலே பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே 'சுயம்பு அழுதான்' என்பது வெறும் செய்தியன்று, தீர்ப்பு!

அந்தத் தீர்ப்பை வழங்கும் அளவுகோல் எது? இலக்கணத்தையே கேட்போம். ஆண்மை திரிந்தவரைத் தொல்காப்பியர் உயர்திணையிலேயே வைத்தார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை, உயர்திணைப் பாலுக்குரிய ஈறுகளே அவர்க்கும் உரியன என்றார். 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் இன்னும் ஓரடி சென்றார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோரை ஆண்பாலில் சேர்த்தார். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோரைப் பெண்பாலில் சேர்த்தார். உடலைச் சோதித்துப் பார் என்றாரில்லை. ஊரைக் கேட்டு வா என்றாரில்லை. விடுவது எது, விழைவது எது என்று பார்க்கச் சொன்னார்! அதே நூற்பாவின் முடிவில், அஃறிணை போலவும் வழங்கலாம் என்று இடங்கொடுத்தார் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. முனிவர் காட்டிய நல்ல வழியை ஊர் மறந்தது. அந்தக் கடைசி வாசலை மட்டும் மறவாமல் பற்றிக்கொண்டு 'அது', 'இது' என்று ஏசியது.

2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம், தன் பால் இன்னதென முடிவு செய்யும் உரிமை அவரவர்க்கே உண்டு என்றது. உடற்கூறு பற்றிய சோதனையை விலக்கி, உள்ளத்தின் உணர்வையே அளவாகக் கொண்டது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் நம் இலக்கணம் பாதி வழி வந்து நின்ற இடம் அது.

"சரி, ஐயா, ஆனால் அப்போது அவள் யாரிடமும் சொல்லவில்லையே?" என்பீர்கள். சொல்லவில்லை, உண்மை. அடக்குமுறை நாட்களில் தலைமறைவாக இருந்த தோழர்களை நினைத்துப் பாருங்கள். வேறு பெயர், வேறு உடை, வேறு ஊர். அண்டை வீட்டார் அந்தப் பொய்ப் பெயரால்தான் அழைத்தனர். இன்று அவர்கள் வரலாற்றை எழுதும் நாம், எந்தப் பெயரால் எழுதுகிறோம்? அண்டை வீட்டாருக்குத் தெரியாதது நமக்குத் தெரியுமே! நாவலைப் படித்தவரின் நிலையும் அதுதான். ஊருக்குத் தெரியாத உள்ளத்தைக் கதாசிரியர் நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். அதைப் பெற்றுக்கொண்ட பிறகும் ஊரார் நாவையே இரவல் வாங்கிப் பேசுவானேன்?

விராடன் அரண்மனையில் பிருகன்னளையாக இருந்த அருச்சுனனைக் காட்டி மடக்க எண்ணுவோரும் உளர். ஓராண்டு மறைந்திருக்க வேண்டிய நெருக்கடியில் அருச்சுனன் பூண்ட கோலம் அது. கெடு முடிந்ததும் களைந்தான். அவனை 'அவன்' என்பதில் தடையில்லை. சுயம்புவின் கதையோ தலைகீழ். அங்கே வேடம் எது? ஆண் கோலமே வேடம்!

இதற்காகக் கதைமாந்தர் வாயைப் பொத்த வேண்டியதில்லை. தந்தை 'அவன்' என்றால், மேற்கோளில் அப்படியே வரட்டும். அந்தச் சொல் தைப்பதை நாமும் உணர்வோம். கதாசிரியர் ஓரிடத்தில் எந்த ஈற்றைக் கையாளுகிறார் என்பதும் அவர் கலை. 2019இல் வந்த 'சூப்பர் டீலக்ஸ்' திரைப்படத்தில், மாணிக்கமாக வீட்டை விட்டுச் சென்று ஷில்பாவாகத் திரும்பியவரைச் சிறுவன் 'அப்பா' என்றே அழைக்கிறான். அந்த அழைப்பில் இழிவு இல்லை, அன்பு வழிகிறது. ஆனால் 'அப்பா' என்பது அந்தப் பிள்ளைக்குள்ள உரிமை. மாணிக்கமாக வாழ்ந்த நாட்களைப் பற்றி நாம் பேசும்போது, 'ஷில்பா அன்று இன்ன துயருற்றாள்' என்றே பேசலாம்.

'அவர்' என்று சொல்லித் தப்பிவிடலாமே என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நல்ல சொல்தான், எனக்கும் பிடித்த சொல். 'தோழர்' என்று உங்களை விளிக்கிறேனே, அதைப் போல இருபாலார்க்கும் பொதுவானது. ஆனால் ஒரே கதையில் மற்றப் பெண்களையெல்லாம் 'அவள்' என்றுவிட்டு, இவளை மட்டும் 'அவர்' என்றால், அது மரியாதையாகாது, வேலி. கதை முடிந்தும் உள்ளம் இன்னதென்று விளங்காத பாத்திரமாயின் 'அவர்' என்க. உயிரோடு நம் முன் நடமாடும் மனிதர், தம்மைப் பற்றி ஏதும் கூறாதவராயின், அப்போதும் 'அவர்' என்க, துருவாதீர். காகிதத்தில் வாழும் சுயம்புவை நாம் எப்படி அழைத்தாலும் வீட்டைவிட்டு விரட்ட ஆளில்லை. மனிதர் நிலை அப்படியன்று. அவர் சொல்லாததை நாம் சொல்லிவிட்டால், அன்றிரவே அவருக்குச் சோறும் கூரையும் இல்லாமற் போகலாம்.

தூணோரத்து இளைஞர் யார், எவர் என்பது எனக்குத் தெரியாது. சிரிக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் அத்தகைய கூட்டங்களில், வாய் திறவாமல், நாம் ஒரு கற்பனைப் பெண்ணை எப்படி அழைக்கிறோம் என்பதை மட்டும் செவிசாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பவர் உண்டு. நாளை தம்மை எப்படி அழைப்பார்கள் என்பதை அவர்கள் அங்கேதான் கணித்துக்கொள்கிறார்கள்.

படிப்பகச் செயலாளரிடமிருந்து மடல் வந்தது. கூட்டம் கலைந்தபின், அந்த இளைஞர் 'வாடாமல்லி'யை இரவல் பெற்றுச் சென்றாராம். கெடு கடந்தும் திருப்பவில்லையாம். வீட்டுக்கு ஆளனுப்பிக் கேட்கட்டுமா என்று வினவியிருந்தார். ஆளனுப்ப வேண்டா, படிப்பகத்திற்கு வேறு படி வாங்கிக்கொள்ளுங்கள் என்று எழுதி, நூலின் விலையையும் அனுப்பிவிட்டேன்.