இரவு இரண்டு மணி சிஸ்டர்



சில வருடங்களுக்கு முன் அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். இரவு இரண்டு மணி இருக்கும். ட்ரிப்ஸ் தீர்ந்துபோய் குழாயில் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. நர்ஸ்கள் உட்காரும் மேசைக்கு ஓடினேன். யாரும் இல்லை. தாழ்வாரத்தில் எதிர்ப்பட்ட சிஸ்டரிடம் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அவர் பதில் பேசவில்லை. வந்தார். குழாயின் சக்கரத்தை உருட்டி மூடினார். சிரிஞ்சில் சலைன் எடுத்து மெல்லச் செலுத்தி, "வலிக்குதாம்மா?" என்று கேட்டு, அம்மாவின் மணிக்கட்டைத் தடவிக் கொடுத்தார். பாட்டிலை மாற்றிவிட்டு என் பக்கம் திரும்பினார். "அந்த வார்டுல ஒருத்தருக்கு மூச்சுத் திணறல் சார். ரெண்டு வார்டுக்கும் நான்தான்." போகிற வழியில் கை கழுவினார். கழுவி முடித்த பிறகும் தண்ணீரை ஓடவிட்டபடி சற்று நேரம் அப்படியே நின்றிருந்தார்.

மே 12, புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், உலக செவிலியர் தினம். 'வெள்ளுடை தேவதைகள்' என்று வாழ்த்து அட்டைகள் வரும். எனக்கு அந்தச் சொல்மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தேவதைக்குக் கால் கடுக்காது. லீவும் கேட்காது.

அந்த சிஸ்டர் காட்டிய பொறுமைக்கு உளவியலில் ஒரு பெயர் இருக்கிறது. பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1990இல் 'உணர்வுசார் நுண்ணறிவு' பற்றி எழுதினார்கள். 1995இல் டேனியல் கோல்மன் எழுதிய புத்தகம் அதை அலுவலகம்தோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்று நர்ஸ்களுக்கும் அதில் வகுப்பு எடுக்கிறார்கள். நல்லதுதான். கத்துகிற மகனுக்குள் பயந்த மகன் இருக்கிறான் என்று அந்த சிஸ்டருக்குப் புரிந்ததே, அது லேசான திறமை இல்லை. ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. வருகிற கோபத்தை விழுங்கிக்கொண்டு முகத்தில் கனிவைக் காட்டுவதும் உழைப்புதான் என்று, விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷில்ட் 1983லேயே சொல்லிவிட்டார். சம்பளச் சீட்டில் அந்த உழைப்புக்கென்று தனித் தொகை கிடையாது.

சம்பளம் என்றதும் 2017 நவம்பர் நினைவுக்கு வருகிறது. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வு எழுதி வேலைக்கு வந்த நர்ஸ்கள், பணி நிரந்தரம் கேட்டு சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். அப்போது அவர்கள் வாங்கிக்கொண்டிருந்த தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பொது மருத்துவமனையில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு நர்ஸ் என்கிறது இந்திய நர்சிங் கவுன்சிலின் கணக்கு. நம் வார்டுகளை ஒரு நடை போய் எண்ணிப் பாருங்கள். ஆள் போடாமல் பொறுமைக்கு மட்டும் வகுப்பு எடுப்பது எனக்கு உறுத்துகிறது. வகுப்புதான் வேண்டுமென்றால் முதல் பெஞ்சில் என்னைப் போன்ற அட்டெண்டர்களை உட்கார வைக்கலாம்.

இத்தனையையும் அவர்கள் எப்படித் தாங்குகிறார்கள்? லண்டன் மருத்துவமனை ஒன்றின் நர்ஸ்களைப் பற்றி உளப்பகுப்பாய்வாளர் இசபெல் மென்சீஸ் 1960இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. அங்கே நோயாளியைப் பெயர் சொல்லாமல் 'பத்தாம் கட்டில் லிவர்' என்பார்களாம். மனம் கல்லாகிப் போனதால் அப்படிச் சொல்லவில்லை, தினம் தினம் சாவையும் வலியையும் பக்கத்தில் பார்க்கிறவர்கள் உடைந்துபோகாதிருக்க மருத்துவமனையே கட்டிவைத்த தடுப்புச்சுவர் அது என்கிறார் மென்சீஸ். தூக்க மாத்திரை கொடுக்க நோயாளியை எழுப்பிய கதையும் அதில் வருகிறது. சிரித்துவிட்டுத்தான் மேலே படித்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று மன்னிப்புக் கேட்கலாம் என்று மேசைக்குப் போனேன். வேறொரு சிஸ்டர் இருந்தார்.

"யாரைப் பாக்கணும் சார்? பேரு?"

"தெரியல. நைட் டியூட்டி சிஸ்டர்."

"உங்க பெட் நம்பர் சொல்லுங்க."

"பன்னெண்டு" என்றேன்.

அன்புடன்,
ஆசிரியர்