மவுஸைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்லுங்கள்



சென்னை, பெங்களூரு என்று கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்குத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

"மவுஸ் இல்லாமல் யார் சார் கம்ப்யூட்டர் பார்க்கிறார்கள்?" என்று கேட்கிறீர்கள். கண் தெரியாதவர்கள் பார்க்கிறார்கள். திரையில் அம்புக்குறி எங்கே நிற்கிறது என்று காண முடியாதவருக்கு மவுஸால் என்ன பயன்? அவர்களுக்கு எல்லாமே கீபோர்டுதான். என்.வி.டி.ஏ. என்ற மென்பொருள் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும், தமிழையும் வாசிக்கும். இணையப் பக்கத்தில் ஹெச் தட்டினால் அடுத்த தலைப்பு, பி தட்டினால் அடுத்த பட்டன். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006-இல் தொடங்கி, ஜேம்ஸ் டேயும் சேர்ந்து வளர்த்தது. இருவருமே பார்வையற்றவர்கள். அதை இலவசமாகவே கொடுக்கிறார்கள்.

அவர்கள் வழி போட்டுக் கொடுத்தார்கள். நீங்கள் அதில் குழி வெட்டுகிறீர்கள். பட்டன் மாதிரி ஒரு படத்தைப் போட்டு, மவுஸ் கிளிக்குக்கு மட்டும் வேலை செய்யும்படி எழுதிவிடுகிறீர்கள். டேப் விசை அதில் நிற்காது, தாண்டிப் போய்விடும். படிவம் முழுவதையும் தானே நிரப்பியவர் கடைசியில் 'சமர்ப்பி' பட்டனைத் தேடித் தவிக்கிறார். போதாக்குறைக்கு, படத்தில் உள்ள எழுத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ட்சா. அதைக் காதால் கேட்கவும் வழி வைப்பதில்லை.

பிறகு என்ன செய்வார்? யாராவது ஒருவரிடம் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் சொல்லிச் செய்யச் சொல்வார். வீட்டுச் சாவியை வழியில் போகிறவரிடம் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பணம் போனால் "ஏன் சொன்னாய்?" என்று அவரைத்தான் திட்டுவோம்.

"அவர்கள் எத்தனை பேர் சார்?" என்பது அடுத்த கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 50 லட்சம் பேர். கை நடுக்கம் உள்ள முதியவர்கள், ஒரு கையை இழந்தவர்கள் தனி. மவுஸை நகர்த்தி, பட்டன் மேல் சரியாக நிறுத்திச் சொடுக்குவது அவர்களுக்கும் பெரும்பாடு.

இது இரக்கப்பட்டுச் செய்கிற தர்மமும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. உலக அளவிலான இணையத் தர விதிகளிலும், எல்லா வேலையையும் கீபோர்டாலேயே செய்ய முடிய வேண்டும் என்பது அடிப்படை நிலையிலேயே இருக்கிறது. நேரமில்லை, செலவாகும் என்ற சமாதானமெல்லாம் வேண்டாம். முதலிலேயே படத்துக்குப் பதில் முறையான பட்டன் வைத்தால் கூடுதல் செலவு என்ன?

ஆகவே பிள்ளைகளா, ஒரு வீட்டுப்பாடம். நாளைக்கு அலுவலகத்தில் மவுஸைக் கழற்றி மேசைக்குள் வையுங்கள். லேப்டாப் என்றால் டச்பேடைத் தொடாதீர்கள். டேப், என்டர், ஸ்பேஸ், அம்பு விசைகள் போதும். நீங்களே செய்த பக்கத்தில் ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்பி அனுப்புங்கள்.

எந்த இடத்தில் மாட்டிக்கொண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். அதைச் சரிசெய்த பிறகு இன்னொரு முறை எழுதுங்கள். இரண்டுக்கும் சேர்த்துத்தான் மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்,
வடகரை.