வாயிலில் ஒரு மரப்பெட்டி



எங்கள் துறையில் ஒரு வகுப்பறையின் வாயிலில் மரப்பெட்டி ஒன்று உண்டு. கோயிலுக்குள் செல்வோர் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்வதுபோல, நாங்கள் கைப்பேசியை அதில் இட்டுவிட்டு உள்ளே செல்கிறோம். வகுப்பு முடிந்து வெளியே வந்தால், அதே வகுப்பின் பாடக்குறிப்பு வாட்ஸ்அப்பில் வந்து காத்திருக்கிறது! தேர்வுக் கட்டணம் கைப்பேசியில். உதவித்தொகை விண்ணப்பம் கைப்பேசியில். எல்லாவற்றுக்கும் வேண்டும் என்கிற கருவியை எவ்வாறு கையாள்வது என்று கற்பிக்க மட்டும் ஒருவரும் இல்லை.

"இக்காலத்துப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்கவும் வேண்டுமோ?" என்று நகைப்பார் உளர். நானும் அவ்வாறே எண்ணி இறுமாந்திருந்தேன். சென்ற பருவத்தில் அந்த இறுமாப்பு அடங்கியது.

தேர்வு தள்ளிவைக்கப்பட்டதாக ஓர் அறிவிப்பு, பல்கலைக்கழக முத்திரையோடு, இரவு 11 மணிக்கு என் கைப்பேசிக்கு வந்தது. மகிழ்ச்சி மிகுதியால் உடனே நம் தமிழ் மாணவர் குழுவுக்கு அனுப்பினேன். அது முந்தைய ஆண்டின் அறிவிப்பு. தேதி இருந்த மூலையை யாரோ வெட்டியிருந்தார்கள். மற்றவர்கள் காலையில் விசாரித்து அறிந்துகொண்டார்கள். முதலாண்டுத் தம்பி ஒருவன் மட்டும் அதை நம்பி உறங்கிவிட்டான். "நீங்கள் அனுப்பியதால் நம்பினேன், அண்ணா" என்றான். அந்தத் தேர்வை அவன் மீண்டும் எழுத வேண்டும். பல்கலைக்கழகத்தின் இணையதளத்தைத் திறந்து பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிராது. நாளெல்லாம் திரையைத் தள்ளிக்கொண்டிருக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை.

இதையெல்லாம் வகுப்பில் கற்பிக்க முடியுமா? முடியும், ஒருமுறை கண்டேன். வரலாற்று ஆசிரியர் ஒருவர் திடீரென்று, "கைப்பேசியை எடுங்கள்" என்றார். எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை! ஊரெங்கும் சுற்றிக்கொண்டிருந்த ஒரு பழைய புகைப்படத்தைக் கொடுத்து, எங்கே, எப்போது எடுத்தது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். படத்தையே கொடுத்துத் தேடும் முறையைக் காட்டினார். ஒரே படம் மூன்று ஊர்களின் பெயரோடு வந்து நின்றது. எது முதலில் வெளிவந்தது என்று தேடியதிலேயே மணி அடித்துவிட்டது. பிறகு, அவரவர் தாய்மொழியில் தேடி வருமாறு பணித்தார். வடக்கே வந்து படிக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தமிழில் தட்டச்சிடத் தெரியும்? 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையைக் கைப்பேசியிலும் அமைத்துக்கொள்ளலாம் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். வெட்கந்தான்.

கவனம் சிதறும் என்பது பொய்யன்று. அந்த வகுப்பிலேயே பின்வரிசையில் கிரிக்கெட் ஓடிற்று. கற்றலுக்கு உதவும் இடத்தில் மட்டுமே கைப்பேசி வேண்டும் என்று யுனெஸ்கோவின் 2023ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கையும் எச்சரித்தது. நான் கேட்பதும் அவ்வளவே. வேலை இருக்கும்போது மேசைமேல், முடிந்ததும் பைக்குள்.

இல்லாதவன் என்ன செய்வான் என்ற கேள்விதான் கடினமானது. 2017-18இல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, கணினி இருந்த கிராமப்புறக் குடும்பங்கள் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. நம்மில் பலருக்குக் கைப்பேசியே முதல் கணினி. அதிலும் ஒருவனுடையது புத்தம் புதியது. மற்றவனுடையது திரை உடைந்தது. 2020இல் கல்லூரிகள் மூடியபோது யார் பின்தங்கினார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. ஆகவே மூவருக்கு ஒரு கைப்பேசி போதும். இணைப்பு கல்லூரியின் வைஃபையாக இருக்கட்டும். எந்தச் செயலியையும் நிறுவச் சொல்லிக் கட்டாயப்படுத்தலாகாது. இன்னொன்று: "எல்லாரிடமும் கைப்பேசி இருக்கிறதே" என்று சொல்லிக் கணினிக் கூடத்தைப் பூட்டிவிடக் கூடாது. நீண்ட கட்டுரை ஆறு அங்குலத் திரையில் எழுதும் பொருளன்று.

அந்தப் பெட்டியை வாரத்தில் ஒரு வகுப்புக்கு மட்டும் மூடிவைக்கும்படி துறைத் தலைவருக்கு விண்ணப்பம் ஒன்று எழுதியிருக்கிறேன். அது சங்க அறையில் இருக்கிறது. தேர்வைத் தவறவிட்ட தம்பி முதலில் கையொப்பமிட்டிருக்கிறான். மற்றவர்களும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து படித்துப் பாருங்கள். மறுப்பு இருந்தால் அதையும் அதிலேயே எழுதுங்கள்.