தளர்ந்த திருகும் எரிந்த பெட்டிகளும்

சாமராஜநகரில் பழைய வீடொன்றை நம் வங்கிக் கடனில் வாங்கிய வாடிக்கையாளர் ஒருவர், சென்ற கோடையில் கிளைக்கு வந்தார். ஒரே மாலையில் அவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி, குளிர்பதனப் பெட்டி, இரண்டு மின்விசிறிகள் அனைத்தும் கெட்டுவிட்டன. "வயரிங்கில் குறை இருந்தால் விளக்கு எரியாது. பொருள்களுமா எரிந்துபோகும், சார்?" என்று கேட்டார். எரிந்துபோகும் என்பதே விடை. அவர் வீட்டு மின்பலகையில் நியூட்ரல் கம்பியைப் பிடித்திருந்த திருகு தளர்ந்திருந்தது.

மூன்று ஃபேஸ் இணைப்பில் ஒவ்வொரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரு ஃபேஸ்களுக்கு இடையிலோ 400 வோல்ட். நியூட்ரல் விட்டுப்போனால், வெவ்வேறு ஃபேஸிலுள்ள கருவிகள் அந்த 400 வோல்ட்டைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள நேரும். அந்தப் பங்கீடு நியாயமாக இராது. ஒன்றில் 2000 வாட் வெந்நீர் ஹீட்டரும் மற்றொன்றில் 100 வாட் குண்டு விளக்கும் மட்டுமே ஓடுவதாகக் கொள்வோம். ஹீட்டருக்கு 20 வோல்ட்கூடக் கிடைக்காது. விளக்கின்மேல் ஏறத்தாழ 380 வோல்ட் விழும். வணிகவியல் படித்த நமக்கு இது முதலில் நம்பும்படியாக இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்தபின்பே நம்பினோம்.

தெருக்கம்பத்தில் நியூட்ரல் அறுந்தாலும் இதே விளைவுதான். அப்போது ஒற்றை ஃபேஸ் வீடுகளும் தப்புவதில்லை. எம்.சி.பி. மிகை மின்னோட்டத்தை மட்டுமே அறியும். ஆர்.சி.சி.பி. மின்கசிவைக் கண்டு உயிரைக் காக்கும். ஏறிவிட்ட வோல்ட்டேஜை இரண்டுமே கண்டுகொள்வதில்லை. அதைத் துண்டிக்கத் தனிக்கருவி பொருத்த வேண்டும். தண்ணீர் மோட்டாரைப் போட்டவுடன் சில விளக்குகள் மங்கி, வேறு சில வழக்கத்துக்கு மீறிப் பிரகாசித்தால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை அழையுங்கள். ஸ்டெபிலைசர் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

வீட்டுக்குக் காப்பீடு இருப்பதால் இழப்பீடு வந்துவிடும் என்று அந்த வாடிக்கையாளர் எண்ணியிருந்தார். பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 2021 ஏப்ரல் முதல் வழங்கிவரும் பாரத் கிருஹ ரக்ஷா திட்டத்தில் வீட்டுப் பொருள்களுக்கும் காப்பு உண்டு. ஆனால், மிகை அழுத்தம், ஷார்ட் சர்க்யூட், மின்கசிவு போன்றவற்றால் கெட்ட மின்கருவிக்கு அதில் இழப்பீடு கிடையாது. அக்கருவியில் பற்றிய தீ பரவி வேறு பொருள்கள் எரிந்தால் அவற்றுக்கு உண்டு. தீக்கு மூலமான கருவிக்கு இல்லை. விலக்குகளின் வரிசையில் உள்ள இவ்வரியைக் கையெழுத்திடும் நாளில் எத்தனை பேர் படிக்கிறார்கள்? படித்துக் காட்டாத குறை நம்முடையதும்தான்.

பழைய வீட்டுக்குக் கடன் தரும்போது மூலப்பத்திரம் கேட்கிறோம். வில்லங்கச் சான்று, வரைபடம், மதிப்பீட்டாளர் அறிக்கை எல்லாம் கேட்கிறோம். மின்பலகையைத் திறந்து பார்த்தீர்களா என்று மதிப்பீட்டாளரை நாம் கேட்டதில்லை. மின்பரிசோதனைச் சான்றும் அந்தக் கோப்பில் இடம்பெற வேண்டும். வயரிங்கை மாற்றும் செலவையும் கடன் தொகையில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது நம் கருத்து. கடனுக்கு இன்னொரு தாளா என்று முணுமுணுப்பு எழும். எழட்டும்.

அவருக்குத் தனிநபர் கடன் கொடுத்தோம். தொலைக்காட்சிப் பெட்டி பிறகு ஆகட்டும், முதலில் வயரிங்கைச் சரிசெய்யுங்கள் என்றோம். "இதை வீடு வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே, சார்" என்றார்.