அனிமே பார்க்க ஆரம்பிக்கிறீங்களா? எதைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது, காசு யாருக்குப் போகிறது?

2025 செப்டம்பர் 12 அன்று 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானிய மொழி, ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகியவற்றோடு தமிழிலும் வந்தது. அந்த வாரம் உங்க டீமில் யாராவது ஒருத்தர் கண்டிப்பாக டிக்கெட் போட்டிருப்பார். "நீயும் வாடா" என்று உங்களையும் இழுத்துக்கொண்டு போயிருந்தால், முதல் அரை மணி நேரத்தில் உங்களுக்கு ஒன்றுமே புரிந்திருக்காது. தப்பு உங்களுடையது இல்லை. 2019-ல் தொடங்கி நான்கு சீசன்கள் ஓடிய கதையின் தொடர்ச்சி அது. அதுவும் மூன்று படங்களில் முதல் படம்.

புதிதாக வருபவர்கள் முதலில் கேட்பது "எதுல ஆரம்பிக்கலாம்?" என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்வது சுலபம். "எங்கே பார்க்கிறோம்?" என்பதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அனிமே தொடர்ந்து தமிழில் வருமா என்பது ஓரளவுக்கு அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

நீங்க புதுசு இல்லை

அனிமே என்றால் ஜப்பானில் தயாராகும் அனிமேஷன். மாங்கா என்றால் ஜப்பானிய காமிக்ஸ், வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். டோரேமானும் ஷின்சானும் பார்த்து வளர்ந்தவரா நீங்கள்? அப்படியானால் ஏற்கெனவே அனிமே பார்த்திருக்கிறீர்கள். போகிமான், டிராகன் பால் ஸீ இரண்டும் இதே கணக்குதான்.

டிவியில் குழந்தைகளுக்கான தொடர்கள் வந்தன. பெரியவர்களுக்கான தொடர்கள் அரிதாகவே வந்தன. 2004-ல் இந்தியாவுக்கு வந்த அனிமேக்ஸ் சேனல் 2017-ல் மூடப்பட்டது. அந்த இடைவெளியை நிரப்பியது டோரண்ட்டும் திருட்டுத் தளங்களும்தான். இன்று 30 வயதைத் தொடும் ரசிகர்களில் பலர் 'நருட்டோ'வையோ 'டெத் நோட்'டையோ முதலில் பார்த்தது அப்படித்தான். அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் அப்போது வழி குறைவு.

வழி கேட்டு வாங்கியதும் ரசிகர்கள்தான். இயக்குநர் மகோடோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இங்கே வெளியிடச் சொல்லி 50,000-க்கும் அதிகமானோர் இணைய மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். 2019 அக்டோபரில் படம் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. 2022-ல் சோனி யே சேனல் 'நருட்டோ'வைத் தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் ஒளிபரப்பியது. கிரன்ச்சிரோல் தளம் 'சோலோ லெவலிங்' போன்ற தொடர்களைத் தமிழ் டப்பிங்கோடு கொண்டுவந்தது.

ஆனாலும் இந்தியில் டப் ஆகும் பல தொடர்கள் தமிழில் வருவதில்லை. எந்த மொழியில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு நிறுவனத்திடம் இருக்கும். திருட்டுத் தளத்தில் நீங்கள் பார்க்கும் 24 எபிசோடும் அந்தக் கணக்கில் ஏறாது.

காசு எங்கே போகிறது?

'காசு கொடுத்துப் பாருங்கள், படைப்பாளிகள் வாழ்வார்கள்' என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். அது பாதி உண்மைதான்.

பெரும்பாலான அனிமேக்களைத் தயாரிப்பது 'தயாரிப்புக் குழு' என்ற கூட்டணி. மாங்காவை வெளியிட்ட பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், பொம்மை நிறுவனம் எனப் பலரும் சேர்ந்து பணம் போடுவார்கள். படம் ஊற்றிக்கொண்டால் நஷ்டத்தைப் பங்கு போட்டுக்கொள்வார்கள், ஓடினால் லாபத்தை. உட்கார்ந்து வரையும் ஸ்டுடியோ பல நேரங்களில் அந்தக் கூட்டணியில் இருக்காது, இருந்தாலும் பங்கு சிறியது. பேசிய தொகையை வாங்கிக்கொண்டு வேலையை முடித்துக் கொடுக்கும் கான்ட்ராக்டர் மாதிரிதான். தொடர் உலகம் முழுக்க ஹிட் ஆனாலும் அவர்கள் கணக்கில் பெரிதாக எதுவும் ஏறாது.

ஜப்பான் அனிமேஷன் சங்கத்தின் கணக்குப்படி 2023-ல் இந்தத் துறையின் சந்தை சுமார் 3.34 லட்சம் கோடி யென். அதில் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது. இன்னொரு பக்கம், இரண்டு முக்கிய அசைவுகளுக்கு நடுவே வரும் இடைப்படங்களை வரையும் புதியவர்களுக்கு ஒரு படத்துக்குச் சுமார் 200 யென்தான் கூலி என்ற செய்தி பல ஆண்டுகளாக வந்துகொண்டிருக்கிறது. நம்ம காசில் நூற்றிச் சொச்சம் ரூபாய். இவர்களில் பலர் ஃப்ரீலான்சர்கள், மாதச் சம்பளம் கிடையாது. மனித உரிமைகளும் வணிகமும் பற்றிய ஐ.நா. பணிக்குழு 2024-ல் ஜப்பான் குறித்து வெளியிட்ட அறிக்கையில் அனிமே துறையின் குறைந்த ஊதியமும் அளவுக்கு மீறிய வேலை நேரமும் குறிப்பிடப்பட்டன. 'ஜுஜுட்சு காய்சென்' இரண்டாவது சீசன் ஓடிக்கொண்டிருந்த 2023-லேயே அதன் அனிமேட்டர்கள் சிலர் வேலைப் பளு பற்றிச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாகப் புலம்பினார்கள். ஸ்ப்ரின்ட் முடியும் வாரத்தில் இரவு 2 மணிக்கு லேப்டாப்பை மூடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதிவிலக்குகள் உண்டு. 'செயின்சா மேன்' தொடருக்கு மாப்பா ஸ்டுடியோவே முழுப் பணத்தையும் போட்டது. கியோட்டோ அனிமேஷன் தன் கலைஞர்களைச் சம்பள ஊழியர்களாக வைத்திருப்பதற்காகப் பெயர் பெற்றது.

அப்படியானால் உங்கள் சந்தா அனிமேட்டருக்குப் போகிறதா? நேரடியாக, மிகக் குறைவாக. ஆனாலும் கொடுப்பதே சரி என்பது என் கணிப்பு. உரிமம் வாங்கும் நிறுவனம் கொடுக்கும் பணம்தான் அடுத்த தொடருக்கான பட்ஜெட்டில் சேர்கிறது, தமிழ் டப்பிங் கலைஞர்களின் சம்பளமும் அதிலிருந்துதான் வருகிறது. திருட்டுத் தளம் விளம்பரத்தில் சம்பாதிப்பதில் இவர்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூடப் போகாது. சந்தா வேண்டாம் என்றால், மியூஸ் ஏசியா, அனி-ஒன் ஏசியா போன்ற யூடியூப் சேனல்கள் சில தொடர்களை உரிமத்தோடு இலவசமாகவே தருகின்றன. சப்டைட்டில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான்.

சரி, எதுல ஆரம்பிக்கலாம்?

'ஒன் பீஸ்' வேண்டாம். நல்ல கதைதான், ஆனால் 1999-ல் தொடங்கி 1,100 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது. வேலைக்குப் போகிறவருக்கு அது இரண்டு வருட புராஜெக்ட்.

ஒரு சனிக்கிழமை இரவு மட்டும்தான் இருக்கிறதா? 'யுவர் நேம்' பாருங்கள், அல்லது ஹயாவோ மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே'. த்ரில்லர் பிடிக்கும் என்றால் 'டெத் நோட்', 37 எபிசோடில் முடிந்துவிடும். சண்டை, சாகசம் வேண்டும் என்றால் 'டீமன் ஸ்லேயர்' முதல் சீசன், 26 எபிசோடு. அதன்பின் 'முகென் டிரெயின்' படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த சீசனுக்குப் போக வேண்டும். இன்ஃபினிட்டி கேசில் கடைசியில். சப்டைட்டிலா டப்பிங்கா என்று ரசிகர்கள் போடும் சண்டையில் நீங்கள் மாட்டிக்கொள்ள வேண்டாம். அம்மாவோடு பார்ப்பதென்றால் தமிழ்.

என் தனிப்பட்ட பரிந்துரை 'ஷிரோபாகோ'. ஒரு அனிமே ஸ்டுடியோவில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்ணைப் பற்றிய 24 எபிசோடு. டெட்லைன், கடைசி நிமிட மாற்றம், போனை எடுக்காத சீனியர் என எல்லாம் இருக்கிறது. மேலே சொன்ன தொழில் நிலவரம் ஒரு கதையாகவே புரிந்துவிடும்.

மாங்கா விஷயத்தில் இன்னும் வசதி. ஜப்பானியப் பதிப்பகமான ஷுய்ஷாவின் 'மாங்கா பிளஸ்' செயலி 2019 முதல் இயங்குகிறது. பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களையும் புதிய சில அத்தியாயங்களையும் இலவசமாக வாசிக்கலாம். ஆங்கிலம், ஸ்பானிஷ், இந்தோனேசியம், தாய், வியட்நாமியம் வரை இருக்கிறது, தமிழ் இல்லை. 1972-லேயே முத்து காமிக்ஸ் மூலம் பிரிட்டனின் இரும்புக்கை மாயாவியைத் தமிழில் வாசித்த ஊர் இது. வாசகர் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒரு பதிப்பாளர் துணிய வேண்டும், அவ்வளவுதான்.

ரசிகர் கூட்டத்துக்குள் போகும்போது

டோக்கியோவில் 1975-ல் சின்னதாகத் தொடங்கிய காமிகெட் சந்தையில் இன்று லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். ரசிகர்கள் தாங்களே வரைந்து அச்சிட்ட புத்தகங்களை அங்கே விற்பார்கள். நம்ம ஊரில் சென்னை காமிக் கான் 2024 பிப்ரவரியில் முதல் முறையாக நடந்தது. காஸ்ப்ளே போட்டு வந்தவர்களைப் போட்டோ எடுக்க வேண்டும் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள், அது எழுதப்படாத விதி.

இன்னொன்று. 'டீமன் ஸ்லேயர்' மாங்கா 2020-லேயே 23 தொகுதிகளோடு முடிந்துவிட்டது. மீதி இரண்டு படங்களில் யார் சாகிறார்கள் என்பது ஒரே ஒரு தேடல் தூரத்தில் இருக்கிறது. கதாபாத்திரத்தின் பெயரைத் தேடுபெட்டியில் டைப் பண்ணாதீர்கள். பரிந்துரைப் பட்டியலே சொல்லிவிடும்.